நாலாவது காலில் கடைசி போல்ட்

“ஆள் இருக்கு, நீ போ” என்று கஸ்பார் சொன்னதும் போட்டுக்காரன் ரெக்ஸன் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். அவன் கிளப்பிய தூசி அடங்குவதற்குள் அந்த வார்த்தை திரும்பி வந்து ஷெட்டுக்குள் நின்றுகொண்டது. ஆள் இருக்கு. எந்த ஆள்? ஷெட்டில் இருந்தது ரெண்டு ரெசின் டிரம், ஒரு கிழிந்த தார்ப்பாய், மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்த ஒரு பழைய பைபர் போட், அதன் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்ட அலுமினியக் குழாய்கள், நடுவில் கஸ்பார். வேறு மூச்சு விடுகிற உருப்படி என்று பார்த்தால் தார்ப்பாயின் மேல் படுத்திருந்த ஒரு பூனை, அதுவும் இவர் பூனை இல்லை. அந்தப் பையன் நல்லபடியாகத்தான் கேட்டான். “ரெண்டு ஆள் வேலை மாமா இது, வீடியோல பாத்தேன். ஒருத்தர் மேல நின்னு போல்ட்டைப் பிடிக்கணும், ஒருத்தர் உள்ள படுத்து நட்டை முறுக்கணும். நம்ம பய ஒருத்தனை அனுப்பட்டா?” அனுப்பு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு என்ன தேய்ந்தா போயிருக்கும்? சொல்ல வாய் வரவில்லை. பத்து மாசமாக இந்த ஊரில் யார் எதைக் கேட்டாலும் அப்படித்தான் வருகிறது. சாப்பாடு இருக்கு. துணைக்கு ஆள் இருக்கு. அவ வந்துருவா. ஒன்றை மறைக்கச் சொன்னது அடுத்ததையும் கூட்டிக்கொண்டு வந்து, இப்போது இந்தக் குழாய் வளைவின் முன்னால் ஒண்டியாக நிறுத்தியிருக்கிறது.

வளைவு என்றால் வளைவுதான். கோயில் கொடியேற்றுக்கு மாதா சப்பரத்தின் முகப்பில் மூங்கிலை வளைத்துக் கட்டுவோமே, அந்த மாதிரி. போட்டின் இந்தப் பக்கம் ரெண்டு கால், அந்தப் பக்கம் ரெண்டு கால், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வளைவு. அதன் உச்சியில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் பலகைமேல் நிற்பானாம், போட் ஓட ஓட அலையில் எம்பி எம்பிக் குதிப்பானாம். அதற்குக் காசு கொடுத்து வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாளைக் காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று ரெக்ஸன் சொன்னான், பன்னிரண்டு வயசில் ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கிறதாம், அதுதான் முதலில் ஏறப் போகிறதாம். அந்தப் பிள்ளையைப் பற்றி அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொன்னதிலிருந்து கஸ்பாருக்குப் போல்ட் போல்ட்டாகத் தெரியவில்லை. கயிறு கீழே இருந்து இழுத்தால் பரவாயில்லை. உச்சியில் இருந்து இழுக்கிறது. ஒரு பிள்ளையின் கனம் அங்கே வந்து தொங்கும்போது கால் ஊன்றிய இடத்தில் பத்துப் பேர் கனம் நெம்பும். நாலு காலில் ஒரு கால் போட்டின் பக்கச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்தால் மற்ற மூன்றும் சும்மா இருக்காது, முழு வளைவும் ஓட்டுகிறவன் தலைமேல் விழும், இல்லாவிட்டால் கயிறோடு தண்ணீருக்குப் போகும், தண்ணீரில் அந்தப் பிள்ளை. கஸ்பார் டிரில்லைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று பார்த்தார். பிறகு எடுத்தார்.

மூன்று கால் மத்தியானத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அதில் ஒரு வித்தையும் இல்லை, கை நீளம் இருந்தால் போதும். போட்டுக்குள் முட்டி போட்டு, ஒரு கையை விளிம்புக்கு மேலே விட்டு போல்ட்டின் தலையை ஸ்பேனரால் பிடித்து, இன்னொரு கையை விளிம்புக்குக் கீழே விட்டு நட்டை முறுக்க வேண்டும். முகம் பைபரில் அழுந்தும். யாராவது பார்த்தால் கஸ்பார் போட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறார் என்று நினைப்பார்கள். பார்க்கவும் பார்த்தான் ஒருத்தன். ஏலக்காரன் மச்சாது, ஐஸ் பெட்டியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடைக்கரையில் போனவன் நின்றான். “என்னவே கஸ்பாரு, போட்டுக்கு சப்பரம் சோடிக்கீரா? அப்படியே மாதாவையும் ஏத்திரும்.” “ஏத்தலாம், நீரு தூக்க வாரீரா?” என்றார் கஸ்பார். “எனக்கு இடுப்பு செத்துப் போச்சுவே. ஒம்ம வீட்டுல வந்தாச்சா?” “வருவா.” “எப்ப?” “வருவாவே, போரும், ஐஸு உருகுது.” மச்சாது போகும்போது மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போனான். எதற்கு அடித்தான்? முன்னால் ஆளும் இல்லை, ஆடும் இல்லை. பாவம் என்று அடித்தானோ. ஒரு மனுசன் இன்னொரு மனுசனைப் பாவம் பார்க்க சைக்கிள் மணியையா அடிப்பான் என்று நினைத்துக்கொண்டே கஸ்பார் மூன்றாவது காலின் நாலாவது நட்டை முறுக்கி முடித்தார். விளிம்பு வழியாக சீலன்ட் பசை வெள்ளையாகப் பிதுங்கியது. விரலால் வழித்து லுங்கியில் துடைத்தார். லுங்கியில் துடைக்காதிய என்று ஒரு சத்தம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. பூனை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது கால் இடது பக்கம், பின்னால். அந்த இடத்தில் மேலே இருந்து கை போகாது. பின் சீட்டுக்கு அடியில் டீசல் டாங்குக்காகப் பெட்டி மாதிரி அடைத்திருக்கிறார்கள், அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, கதவுக்குள் நுழைந்து ஆள் படுத்தால்தான் சுவரின் உள்பக்கம் தெரியும். அந்தப் பொந்துக்குள் போவது எப்போதும் பிரகாசி. முப்பது வருஷமாக. பிரகாசி ஒல்லி, நாலடி பத்தங்குலம், தோளைக் குறுக்கினால் வாளிக்குள்ளே கூட உட்கார்ந்துவிடுவாள். வளையலைக் கழற்றி விளிம்பில் வரிசையாக வைப்பாள், முந்தானையைச் சுருட்டித் தலையில் கட்டுவாள், கால் கடைசியாக உள்ளே போகும். அவள் உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது, இவர் வெளியே இருந்து கத்தினால் உள்ளே வெறும் உறுமலாகத்தான் கேட்கும். அதனால் தட்டுவார்கள். ஸ்பேனரால் சுவரில் ஒரு தட்டு என்றால் பிடிச்சுக்கோ, விட்டுராதே. ரெண்டு தட்டு என்றால் முறுக்கு. மூணு தட்டு என்றால் முடிஞ்சுபோச்சு, வெளியே வா. யாரும் உட்கார்ந்து வகுத்த முறை இல்லை, கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு போட்டில் தானாக வந்தது. பிறகு வீட்டிலும் அதுவே ஆனது, குளிக்கிற தட்டியில் மூணு தட்டினால் சோறு ஆச்சு வாங்க என்று அர்த்தம். இப்போது வீட்டில் தட்டுகிற சத்தம் என்றால் பல்லி விழுவதுதான்.

இதே போட்டுக்குள்ளும் அவள் போயிருக்கிறாள். அப்போது இது வேறு ஆளிடம் இருந்தது, வெயிலுக்கு மேலே துணிக்கூரை வேண்டும் என்றார்கள், கூரைக்கம்பிக்கு இதே பின் மூலையில்தான் ஓட்டை போட வேண்டியிருந்தது. அங்கே சுவருக்கு உள்ளே அதைத் தாங்குகிற கட்டை ஒன்று விலா எலும்பு மாதிரி ஓடுகிறது, வெளியே இருந்து தெரியாது. அதில் ஓட்டை விழுந்தால் போட்டே கெட்டுப்போகும், அதை ஒட்டி விழுந்தால் நட்டை முறுக்க இடம் இருக்காது. பொந்துக்குள் டேப்பை நீட்ட முடியாது. பிரகாசி உள்ளே படுத்து சாணால் அளந்தாள். பின் ஓரத்தில் இருந்து மூணு சாண் விட்டுப் போடுங்க, நல்ல இடம், என் ரெண்டு கையும் போகுது என்று தலையை மட்டும் நீட்டிச் சொன்னது, மூக்கு நுனியில் பைபர் தூசி ஒட்டியிருந்தது, கஸ்பாருக்கு அப்படியே இருக்கிறது. மூக்குத் தூசி வரைக்கும் ஞாபகம் இருந்ததால்தான் இன்றைக்கு யோசிக்கவே இல்லை. அந்தப் பழைய ஓட்டைகளை யாரோ அடைத்து மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள். கஸ்பார் பின் ஓரத்தில் கட்டை விரலை ஊன்றி, கையை விரித்து, ஒன்று, ரெண்டு, மூணு என்று வெளியே அளந்தார். காலின் அடித்தட்டை வைத்தார். கோடு போட்டார். நாலு ஓட்டையும் போட்டார். மூன்றில் டிரில் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. நாலாவதில் உள்ளே போன பிறகு ஒரு பக்கமாக உரசிச் சத்தம் மாறியது. டிரில்லைப் படக்கென்று வெளியே இழுத்தார். சாமி, விலாவை உரசிவிட்டேன். எப்படி? மூணு சாண்தானே? நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினார், பிறகு உளியால் சுரண்டினார். நாலு விரல் தள்ளி, அடைத்துப் பூசிய பழைய ஓட்டை ஒன்று வெள்ளை வட்டமாக எழுந்து வந்தது. அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். நெஞ்சு வரை வரும் ஒரு பொம்பளையின் சாணைத் தன் சாணால் அளந்திருக்கிறார். முப்பது வருஷமாக அவள் சொன்ன சாணையெல்லாம் அவள் கையாலேயே வெளியே வந்து வைத்துக் காட்டியிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. அளந்து கொடுத்தது அவள். சொன்னது மட்டும்தான் இவரிடம் இருந்தது, கை அவளோடு போய்விட்டது.

அடைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே மாற்றலாமா என்றால் முடியாது. பழைய போட், சுவர் தேய்ந்தது, பக்கத்துப் பக்கத்தில் இத்தனை ஓட்டை போட்டால் பிஸ்கட் மாதிரி ஒடியும். இந்த நாலாவது ஓட்டையில்தான் போல்ட் ஏற வேண்டும், ஏறி இறுக வேண்டும், மூன்று போல்ட் போதும் என்று விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் கோயம்புத்தூர்ப் பிள்ளையும் வந்தது. முகம் தெரியாத பிள்ளை. அதற்கு எப்படியோ இவர் மகள் டெல்மாவின் சின்ன வயசு முகம் வந்து ஒட்டிக்கொண்டது, முன்பல் விழுந்த முகம். மற்ற மூன்றின் நட்டும் அந்தச் சின்னக் கதவு வழியாகக் கையை மட்டும் விட்டுத் தடவியே ஏறிவிட்டது, விலாவை ஒட்டிய இதற்குத்தான் கை எட்டவில்லை. கஸ்பார் மேலே போல்ட்டின் தலையில் ஸ்பேனரை மாட்டி, அது சுழலாதபடி நைலான் கயிற்றால் வளைவின் காலோடு சேர்த்துக் கட்டினார். ஒரு ஆள் பிடிப்பதைக் கயிறு பிடிக்கட்டும். ஆள் இருக்கு என்று சொன்னோமே, இதுதான் ஆள், ரெண்டு முழம் நைலான். பிறகு சட்டையைக் கழற்றப் போய், பாக்கெட்டில் போன் இருக்கிறதே என்று கழற்றாமல், செருப்பை மட்டும் விட்டுவிட்டு, கதவுக்குள் தலையைக் கொடுத்தார்.

தோள் போகவில்லை. ஒரு தோளை முன்னால் விட்டு, மூச்சை வெளியே விட்டு, மறு தோளை இழுத்தார். தொப்பை மாட்டியது. வயசு அறுபத்திரண்டில் டீக்கடை பன்னாகத் தின்று வளர்த்த தொப்பை. பன் தின்பதைக் கூட அவளிடம் மறைத்திருக்கிறார். சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியளா? சாப்பிட்டேன். என்ன குழம்பு? சாளை. மறுநாள் நெத்திலி, அதற்கு மறுநாள் வெளமீன், ஒரு வாரத்துக்கு மேல் மீன் பேர் கிடைக்காமல் திரும்ப சாளை. அவள் பேரன் பல் முளைத்ததைச் சொல்வாள், தவழ்ந்ததைச் சொல்வாள், இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறானாம். சரி என்பார். வேற? என்பாள். வேற என்ன, என்பார். அந்த இடத்தில் தினமும் ஒரு பள்ளம் வரும். ரெண்டு பேரும் அந்தப் பள்ளத்தின் ரெண்டு கரையிலும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு வைக்கட்டா என்பாள், வை என்பார். திருப்பூருக்கு மகள் பிரசவத்துக்குப் போனவள், மூணு மாசத்தில் வருகிறேன் என்று போனவள். பஸ் ஏறும்போது கேட்டாள். நீங்க ஒத்தையில வேலைக்கு என்ன செய்விய? அவள் கேட்டது வேறு, இவருக்குக் கேட்டது வேறு. கவலைப்படாமல் போகட்டும் என்றுதான் சொன்னார், சத்தியமாக அப்படித்தான் நினைத்துச் சொன்னார். எனக்கென்ன, ஒரு ஆள் வச்சிக்கிடுதேன். பஸ்ஸின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக அவள் நின்றாள். அந்த முகத்தைப் பத்து மாசமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை. இப்போது, தலை உள்ளேயும் கால் வெளியேயுமாக, டீசல் வாடையில் கண் எரிய, பைபர் தூள் கழுத்தில் அரிக்க, படக்கென்று விளங்கியது. இதற்குள் முப்பது வருஷம் படுத்தவளைப் பார்த்து ஆள் வைத்துக்கொள்கிறேன் என்றால் அவள் என்ன, ஆளா?

உள்ளே இருட்டு கண்ணுக்குப் பழக நேரமானது. விலா ஒரு பக்கம், டாங்கு ஒரு பக்கம், நடுவில் இடுக்கில் போல்ட்டின் நுனி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வலது கையை விட்டார், முழங்கை டாங்கில் முட்டியது. விரல் நுனியில் நட்டை வைத்து எட்டினார். தொட்டது. திருகுவதற்குள் விழுந்தது. எங்கேயோ உருண்டு நின்றது. தேடி எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. மேலே வெயில் ஏறி பைபர் அடுப்பு மாதிரி காய்ந்தது. இதற்குள்ளேயே நெஞ்சு அடைத்து நின்றால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. வெளியே ரெண்டு கால் பாதம் தெரியும், ஒரு ஜோடி செருப்பு இருக்கும், பூனை மோந்து பார்க்கும். ரெக்ஸன் வந்து மாமா தூங்குதாரு என்று நினைத்து ஒரு சிகரெட் பிடிக்கப் போவான். சாயங்காலம் போன் அடிக்கும், பாக்கெட்டில் கிடந்து அடிக்கும், சாப்பிட்டியளா என்று கேட்பதற்காக அடிக்கும். கஸ்பார் கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார், கை மரத்துக் கிடந்தது. மரத்த கை அவரை ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டது, அந்த இடத்துக்குப் போக அவருக்கு இஷ்டமே இல்லை. துணிக்கூரை மாட்டிய அன்றைக்கு. அவள் உள்ளே இருந்தாள். ஒரு தட்டு தட்டினார், பிடிச்சுக்கோ. அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு கூட்டம், யாரோ பெரிய சுறாவோடு வந்திறங்கினார்கள், கஸ்பாரு இங்க வாரும் என்று கூப்பிட்டார்கள், போனார். சுறாவைப் பார்த்தார், விலை கேட்டார், டீ வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தார். திரும்பி வந்தபோது விளிம்பில் வளையல் வரிசையாக வெயிலில் கிடந்ததைப் பார்த்துத்தான் ஐயோ என்று ஓடி மூணு தட்டு தட்டினார். அவள் வெளியே வந்தாள். வலது கை தானாகத் தொங்கியது. இடது கையால் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, டீ குடிச்சிட்டியளா என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஏன் வெளியே வரவில்லை, நீயே வந்திருக்கலாமே என்று இவர் சத்தம் போட்டது வேறு. பிடிச்சுக்கோன்னியளே, என்றாள்.

போனை எடுக்க இடது கை வந்தது. பேர் தேடி அமுக்குவதற்குள் ரெண்டு தரம் வேறு எங்கோ அமுங்கியது. இவராகக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். “என்ன? என்ன செய்யுது உங்களுக்கு? இந்நேரத்துல கூப்பிடுதிய?” என்றாள், மூச்சு வாங்கியது. “ஒண்ணுமில்ல” என்றார். “பின்ன ஏன் கிணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி கேக்கு?” “போட்டுக்குள்ள இருக்கேன்.” “எந்தப் போட்டு?” “நாம துணிக்கூரை மாட்டுன நீலக்கோட்டு போட்டு. பின் மூலை.” அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது நின்றது. “நீங்களா உள்ள போயிருக்கிய?” என்றாள் பிரகாசி. “ஆமா.” “தொப்பை போச்சா?” “மூச்சை விட்டா போகுது.” “நட்டு விழுதா?” “விழுதுட்டி. விரல் நுனிதான் எட்டுது. இடமே இல்ல.” “அங்க நிறைய இடம் உண்டே, என் ரெண்டு கையும் போகுமே. எங்க போட்டிய ஓட்டைய?” “நீ சொன்ன இடத்துலதான். மூணு சாண்.” “யார் சாணு?” என்றாள். அந்தப் பக்கம் முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, சிரித்துச் சிரித்து இருமினாள். பேரப்பிள்ளை எதற்கென்றே தெரியாமல் கூடச் சிரித்தது. “ஏ டெல்மா, ஒங்கப்பா என் சாணை அவிய சாணால அளந்திருக்காவட்டி.” பத்து மாசத்தில் அவள் சிரித்து இவர் கேட்பது இதுதான் முதல். டீசல் வாடையில் முகம் கவிழ்ந்து கிடந்தபடி அவரும் சிரித்தார், சிரித்ததில் தொப்பை அடியில் குத்தியது.

“சோப்பு இருக்கா?” என்று கேட்டாள் அவள். “சோப்பா?” “துணி சோப்பு. ஒரு துண்டு எடுத்து ஸ்பேனர் வாயில அப்பி, அதுல நட்டை ஒட்ட வச்சு எட்டணும். விழாது. நான் எப்பவும் அப்படித்தான செய்வேன்.” வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் விரலில் சோப்பு வாசம் அடித்தது எதனால் என்று கஸ்பார் ஒரு நாளும் கேட்டதில்லை. உள்ளே ஏதோ கழுவினாள் என்று நினைத்திருந்தார், இல்லை, நினைக்கவே இல்லை. ஊர்ந்து வெளியே வந்து, ஓடைக்கரைக் கல்லில் இருந்த சோப்பைக் கிள்ளிக்கொண்டு திரும்பினார். “இடது கையை விடுங்க, வலது வேண்டாம். மூஞ்சியை டாங்குப் பக்கமா வச்சிக்கோங்க, அப்பத்தான் தோள் இறங்கும்” என்றாள். இறங்கியது. “வைக்கட்டா?” என்றாள். தினமும் கேட்கிற அதே கேள்வி, வை என்று வாய் தயாராக இருந்தது. “வைக்காத” என்றார் கஸ்பார். போனைக் காதுப்பக்கம் பலகையில் சாய்த்து வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டு, சோப்பில் ஒட்டிய நட்டை இருட்டுக்குள் நீட்டினார். நட் போல்ட்டின் நுனியைத் தொட்டது. நின்றது. ஒரு நூல் திரும்பியது. பிடித்தது. கால் சுற்று, கை எடுத்து மறுபடி கால் சுற்று, அவ்வளவுதான் அந்த இடுக்கு விட்டது. அந்தப் பக்கம் பிள்ளை எதையோ உருட்டியது, குக்கர் கத்தியது, பிரகாசி யாரிடமோ அடுப்பை அணை என்றாள், போன் அப்படியே இருந்தது. முறுக்க முறுக்க மேலே நைலான் கயிறு கிறீச்சென்றது. கடைசியில் ஸ்பேனர் மலையில் முட்டிய மாதிரி நின்றது. கஸ்பார் உடம்பு எடையையெல்லாம் கொடுத்துப் பார்த்தார், அசையவில்லை. அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளை எம்பிக் குதிக்கட்டும். எத்தனை தரம் வேண்டுமானாலும் குதிக்கட்டும். “முட்டுச்சா?” என்று கேட்டாள். “முட்டிருச்சு.”

வேலை முடிந்தது, வெளியே வரவேண்டியதுதான். கஸ்பார் வரவில்லை. கிடந்தார். “அடுத்த வேலை ஏதும் வந்திருக்கா?” என்றாள் அவள், பொதுவாகக் கேட்கிற குரலில். “வந்துச்சு. ரெண்டு போட்டு. எடுக்கல.” “ஏன்?” “உள்ள போக ஆள் இல்ல.” “ஆள் வச்சிக்கிடுதேன்னு சொன்னியளே.” அந்தக் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கலாம். “வைக்கல” என்றார் கஸ்பார். “யாரையும் வைக்கல பிரகாசி. சாளை, நெத்திலின்னு சொன்னதும் பொய்யி. பன்னுதான் தின்னேன்.” அந்தப் பக்கம் அதே பள்ளம். ஆனால் இந்தத் தடவை எதிர்க்கரையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. “தெரியும்” என்றாள், “வெளமீனு இந்த மாசத்துல ஏது.” நீ வா என்று சொல்ல இதுதான் இடம் என்று கஸ்பாருக்குத் தெரிந்தது. அந்த ரெண்டு எழுத்து வாய்க்குள் நட்டு மாதிரி நுனியில் தொட்டுத் தொட்டு விழுந்தது. அதற்குச் சோப்பு எங்கே போய்க் கிள்ளுவது? வாயில் வந்தது வேறு. “மூணு தட்டு தட்டு பிரகாசி, நான் வெளிய வாரேன்.”

“அன்னைக்கு நான் எம்புட்டு நேரம் கெடந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?” என்றாள். ஒரு நாளும் கேட்காததை இன்றைக்குக் கேட்டாள். “தெரியாது” என்றார். “இப்பத் தெரியுது. கை மரத்துக் கெடக்கு.” “கெடங்க கொஞ்ச நேரம்” என்றாள் பிரகாசி. கிடந்தார். யாரும் கதவை அடைக்கவில்லை, யாரும் காலைப் பிடிக்கவில்லை, நினைத்தால் இந்த நிமிஷம் ஊர்ந்து வெளியே போகலாம், கல்லில் உட்கார்ந்து காற்று வாங்கலாம். போகவில்லை. திருப்பூர் வீட்டின் சத்தம் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல் மிஷின், பிள்ளை தட்டைத் தள்ளுகிற சத்தம், அவள் எழுந்து போவது, செருப்பில்லாத பாதம், திரும்பி வருவது. வெளியே பைக் வந்து நின்றது தரை அதிர்ந்ததில் தெரிந்தது. ரெக்ஸன் ஏதோ கேட்டான், போட்டைச் சுற்றி வந்து மறுபடி கேட்டான். உள்ளே அது வெறும் உறுமலாகத்தான் இருந்தது. அவளுக்கு முப்பது வருஷமாக இப்படித்தான் கேட்டிருக்கும், ஒரு எழுத்து விளங்காது இங்கே. அவன் ஆள் எங்கே மாமா என்று கேட்கலாம். கேட்கட்டும். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு போனில் காதை வைத்து, மூணு தட்டுக்காகக் காத்திருந்தார். கரண்டியோ, ஸ்பூனோ, ஏதோ ஒன்றை அவள் கையில் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு சுவரில் ஒரு தட்டு விழுந்தது. ரெண்டாவதுக்குக் காத்திருந்தார். வரவில்லை. லைன் இருந்தது, அவள் மூச்சு இருந்தது, ரெண்டாவது தட்டு இல்லை. ஒரே ஒரு தட்டு. பிடிச்சுக்கோ, விட்டுராதே.

கஸ்பார் இருட்டுக்குள் இடது கையைத் துழாவி, இறுகிப்போன அந்த நட்டின் மேல் ஸ்பேனரைத் திரும்ப மாட்டிப் பிடித்துக்கொண்டார்.